கரையில்லாதாரின் சமுத்திர பாத்தியதை

மதுரைக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? ராமேஸ்வரத்துக்கு ரயிலேறிப் போய் முங்கி எழுந்தவன் பத்து வருஷத்துக்கு அந்தப் பெருமையைப் பேசுவான். கருவாட்டுக் கூடையை மோந்து பார்த்தவன் கடலையே பார்த்துவிட்டதாக நினைப்பான். எங்கள் வைகைகூட ஒழுங்காகக் கடலுக்குப் போய்ச் சேருவதில்லை. வழியில் இருக்கிற கண்மாய்களுக்குள் புகுந்து தீர்ந்துபோகிற ஆறு அது. ஆற்றுக்கே இல்லாத கடல் அக்கறை எங்கள் ஊர் வக்கீல் ஒருவருக்கு வந்து தொலைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்த கதை இது.

அப்போது நான் கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சாபீஸ் வைத்திருந்தேன். எங்கள் அத்தா அத்தர் விற்றவர். நான் மையைப் பூசிக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், சந்தனக்கூடு விளம்பரம், காணாமல் போன மாட்டுக்கு அறிவிப்பு என்று எதுவும் அடிப்பேன். ஊர் முழுக்க என்னை அச்சாபீஸ் பாய் என்றுதான் கூப்பிடும்.

வக்கீலுக்கு அன்றாடப் பிழைப்பு வரப்புத் தகராறும் வேலித் தகராறும். மனசு மட்டும் சர்வதேசச் சட்டத்தில். லண்டனிலிருந்து தலையணை கனத்தில் புத்தகங்கள் தருவித்துப் படிப்பார். படித்ததை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாமல் மேலமாசி வீதியில் ஒரு மாடி ஹாலைப் பிடித்து அவ்வப்போது பிரசங்கம் செய்வார். கேட்க யார் வருவார்கள்? அவருடைய குமாஸ்தா வருவார், ஹால்காரர் சாவியோடு வருவார், அடித்த நோட்டீஸுக்கு மரியாதையாக நானும் போய் உட்காருவேன். போனதடவை குமாஸ்தா குறட்டை விட்டதில் பிரசங்கம் பாதியில் நின்றுபோனது.

இந்தத் தடவை விடக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தார். ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த பிறகு ராஜ்யங்களெல்லாம் ஒரு துறைமுகப் பட்டணத்தில் கூடினவாம். சுற்றிலும் நிலமே இருந்து கடற்கரையே இல்லாத தேசங்களும் கப்பலில் தங்கள் கொடியை ஏற்றிக் கடலில் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டனவாம். சுவிட்சர்லாந்துக்கு விடிவு வந்துவிட்டது என்று அவர் சொன்னபோது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

"கடற்கரை இல்லாத நாடுகளின் கடல் உரிமை. இப்படிப் போட்டுவிடலாமா?" என்று கேட்டேன்.

"என்ன பாய், கருவாட்டுக் கடைப் பலகை மாதிரி இருக்கிறது! கடலாவது? சமுத்திரம் என்று போடும். கடற்கரை எதற்கு, கரை என்றாலே போதும். எழுத்தும் மிச்சம்."

"நாடுகள்?"

"அங்கேதான் சட்டம் இருக்கிறது. சர்வதேசச் சட்டத்தில் ராஜ்யமும் ஒரு நபர்தான். கரையில்லாதார் என்று போடும். உரிமையை எடுத்துவிட்டுப் பாத்தியதை என்று போடும்."

அப்படியே கோத்து அடித்தேன்: 'கரையில்லாதாரின் சமுத்திர பாத்தியதை. அனைவரும் வருக.' தலைமைக்கு ஒரு வெள்ளைக்கார ஜட்ஜைப் பிடித்திருந்ததால் கூட்டம் சேர்ந்தே ஆகவேண்டும். தமுக்கு அடிக்கிறவனை அழைத்து, ஊருக்குள் மட்டும் இல்லை, மேலூர் ரோட்டில் ஒத்தக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை இவர் தமுக்கடித்துச் செய்தார்.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். யானைமலைக்கு அப்பால் இருக்கிற ஊர்களில் கரை என்றால் மண்மேடு மட்டும் இல்லை. கண்மாய்ப் பாசனத்தையும் மீனையும் கோயில் மரியாதையையும் ஊரின் பெரிய குடும்பங்கள் பங்கு போட்டு வைத்திருக்கும். அந்தப் பங்குக்குப் பெயர் கரை. பங்கு உள்ளவர் கரைக்காரர். அவர்கள் வயலில் உழுது நட்டு அறுக்கிற சேரி ஜனங்களுக்குக் கரை கிடையாது. அப்படிப்பட்ட ஓர் ஊரில் உள்ள பெரிய கண்மாய்க்குப் பெயரே சமுத்திரம். யாரோ ராஜா வெட்டியபோது பெருமைக்கு வைத்த பெயர். அந்தச் சமுத்திரத்தில் பாதிக்கு மேல் கரை யாருக்கு? நம்முடைய வக்கீலுக்குத்தான். கண்மாயின் பெயர் அவருடைய பத்திரத்தில் இருந்தது, தலையில் இல்லை. விளைந்தது வீட்டுக்கு வந்து சேர்ந்தால் சரி, மற்றதைக் காரியஸ்தர் பார்த்துக்கொள்வார்.

அந்த வருஷம் பங்குனியிலேயே சேரிக் கிணறு வற்றிவிட்டது. கண்மாயில் மடைப் பக்கம் பள்ளத்தில் தண்ணீர் கிடந்தது. அதில் அவர்கள் கை வைக்கக் கூடாது. படித்துறைப் பக்கம் குடத்தோடு போய் நின்று, யாராவது மனசு வந்து தூக்கி ஊற்றுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். மனசு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? புல்லுக்கட்டு விற்க ஒத்தக்கடைக்கு வந்த சேரிப் பெண்கள் காதில் தமுக்கு விழுந்தது.

"கரை இல்லாதவகளுக்கும் சமுத்திரத்துல பாத்தியதை உண்டு! மேலமாசி வீதி மாடியில, வெள்ளைக்கார தொரை முன்னால சொல்றாக! எல்லாரும் வாங்க!"

வந்தார்கள். யா அல்லா, எப்படி வந்தார்கள்! மாடிப்படி முழுக்க, வராந்தா முழுக்க, கீழே வீதியில் பாதி. ஹால்காரர் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டப் போனார். ஜட்ஜ் துரை எட்டிப் பார்த்து, "ஏன்? உள்ளே வரட்டும், வெரி குட்" என்று சொல்லிவிட்டார். துரை சொன்ன பிறகு தீட்டாவது, மண்ணாவது! குமாஸ்தா எழுந்து ஓரமாக நின்றுகொண்டார். அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வயலில் வேலை செய்கிற ஜனங்கள்தான் இவர்கள் என்று அவருக்குத் தெரியாது. முகம் தெரிந்திருந்தால் அல்லவா? ஆனால் அவர்களுக்கு அவரைத் தெரிந்தது. "நம்ம கரைக்கார ஐயாவுல்ல சொல்லப் போறாரு!" என்று படியிலிருந்து வீதி வரைக்கும் சேதி இறங்கியது.

பத்து நிமிஷம் இங்கிலீஷில் துரைக்கு, பிறகு தமிழில் ஜனங்களுக்கு. "கரை இல்லை என்பதற்காக ஒருவனைச் சமுத்திரத்தை விட்டு விலக்க எவனுக்கும் அதிகாரம் இல்லை!" என்று மேஜையைக் குத்தினார். கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. அவர் ஆயுசில் கேட்காத சத்தம். குடித்தவனுக்கு ஏறுகிற மாதிரி ஏறிவிட்டது.

அப்போது வாசற்படியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். சேரியின் வாய்க்காரி அவள். இடுப்பில் ஒரு சின்னப் பிள்ளை. அது அவளுடைய மகள்.

"சாமி, ஒரு சந்தேகம். அப்ப, கரை இல்லாதவுக சமுத்திரத்துல தண்ணி மோக்கலாமா?"

"தண்ணீரா? தண்ணீர், மீன், முத்து, பவழம், எதை வேண்டுமானாலும்! சமுத்திரம் எவனுக்கும் சொந்தம் இல்லையம்மா!"

"போற வழி அடுத்தவுக எடமா இருந்தா?"

"வழியில் இருப்பவன் வழிவிட வேண்டும். அதற்குப் பெயர்தான் நாகரிகம்."

"மறிச்சா?"

"மறிப்பவன் மனிதனே அல்ல! காட்டுமிராண்டி!"

புத்தகத்தில் அத்தனை தூரம் இல்லை என்று பிற்பாடு அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். கொடி ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் உறுதியாம். வழி விஷயத்தை நடுவில் இருக்கிற தேசத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதாம். கைதட்டல் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது யார் அடிக்குறிப்பு படிப்பார்கள்? துரை கைகுலுக்கினார். வக்கீல் வீட்டில் அன்று பாயசம் வைத்ததாகக் கேள்வி.

மறுநாள் காலையில் சேரிப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு படித்துறையில் இறங்கினார்கள். காவல்காரன் கத்தினான். கரைக்காரர்கள் ஓடிவந்தார்கள். வாய்க்காரி நோட்டீஸை நீட்டினாள். "ஒங்க பெரிய கரைக்கார ஐயாவே தொரை முன்னால சொல்லிட்டாக. மறிக்கிறவன் காட்டுமிராண்டியாம். ஆரு மறிக்கிறீக, முன்னால வாங்க பாப்போம்!"

ஒருத்தரும் வரவில்லை. துரை, கோர்ட்டு, அச்சடித்த காகிதம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் யார்தான் முன்னால் வருவார்? குடத்தை நிரப்பிக்கொண்டு பெண்கள் போனார்கள். சில நாள் அப்படியே நடந்தது. தமுக்கடிக்கிறவன் வந்து சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வக்கீல் வந்துவிட்டார். கரைக்காரர்கள் கூட்டமாக அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, கோயில் மரியாதை இனி அவருக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். மனுஷன் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"பாய், உடனே ஒரு திருத்தம் அடிக்க வேண்டும்."

"எழுத்துப் பிழையா?"

"கேட்கிறவர்களின் பிழை!"

உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதியதிலேயே சுத்தமான தமிழ் இதுதான்: 'முன் விளம்பரத்தில் கண்ட சமுத்திரம் என்பது உப்புநீர் உள்ள சமுத்திரத்தையே குறிக்கும். நல்ல தண்ணீர் உள்ள கண்மாய், குளம், ஊருணி, கிணறு எதையும் குறிக்காது. அதில் கரையில்லாதாருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை.'

"சுவிட்சர்லாந்துக்கும் இது பொருந்துமா?" என்று கேட்டேன். முறைத்தார். அடித்துக் கொடுத்தேன். அதே தமுக்கு, அதே ஆள், இந்தத் தடவை நேராகக் கண்மாய் இருக்கிற ஊருக்குள்ளேயே போனான். சேரியிலிருந்து வருகிற வழியை அடைத்துப் படித்துறைத் தலைப்பில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டார்கள்.

இரண்டொரு நாளில் வாய்க்காரி என் அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"பாய், அந்த உப்புத் தண்ணிச் சமுத்திரம் எங்ஙன இருக்கு?"

"தொண்டியில இருக்கு. ராமேஸ்வரத்துல இருக்கு."

"எம்புட்டுத் தூரம்?"

"நடந்தா நாள் கணக்காகும்மா."

"அம்புட்டுத் தூரம் போயி, குடிக்க முடியாத தண்ணிய மோந்துக்கிறச் சொல்றாரு. நல்ல மனுசன். எதையும் இல்லைன்னு சொல்லல பாரு!" என்று சொல்லிக் கையைத் தட்டிச் சிரித்தாள். என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

அந்தக் கோடையில் சேரி ஜனங்கள் ஓடை மணலைத் தோண்டி ஊறுகிற கலங்கலைக் குடித்தார்கள். வாந்திபேதி வந்தது. பிள்ளைகள் போனார்கள். வாய்க்காரியின் இடுப்பில் இருந்த மகளும் போய்விட்டாள். சேதி கேட்ட அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் மை உருளையைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்ட கறை கடைசிவரைக்கும் போகவில்லை. வக்கீல் அந்த வாரம் என்ன செய்தார் தெரியுமா? கோர்ட்டு வாசலில் என்னைப் பார்த்து, ஹங்கேரி தேசத்துக்குத் துறைமுகம் போய்விட்டதே என்று விசாரப்பட்டார். இவனை எந்தக் கண்மாயில் முக்குவது என்று எனக்குத் தோன்றியது.

ஐப்பசி பிறந்தது. வெயிலில் காய்ச்சியதற்கெல்லாம் சேர்த்து வானம் கொட்டியது. வைகைப் பாலத்தில் ஜனங்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். ஒருநாள் காலையில் வக்கீலின் குதிரை வண்டி என் சந்துக்குள்ளேயே வந்து முட்டி நின்றது. உள்ளேயிருந்து நனைந்த கோழி மாதிரி இறங்கினார்.

"பாய், கண்மாய்க் கரையில் கசிவு கண்டுவிட்டதாம். உடைந்தால் பயிர் அவ்வளவும் போச்சு. தமுக்கு அடித்துப் பார்த்தாயிற்று, சேரியிலிருந்து ஒரு மண்வெட்டிகூட வரவில்லை. சீக்கிரம் ஒரு நோட்டீஸ் அடியும்!"

"மழையில நோட்டீஸா? கஞ்சியாத்தான் போய்ச் சேரும்."

"அப்படியானால் நீர் வாரும். அச்சாபீஸ் பாய் சொன்னால் கேட்பார்களாம், காரியஸ்தர் சொல்கிறார்."

போனேன். அவருக்காகப் போகவில்லை. கரை உடைந்தால் வெள்ளம் முதலில் பாயும் இடம் பள்ளத்தில் இருக்கிற சேரிதான் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

சேரி முகப்பில் ஆண்களெல்லாம் மண்வெட்டியைப் பக்கத்தில் சாத்திவைத்துக் குந்தியிருந்தார்கள். பிள்ளைகளையும் ஆடுகளையும் முன்னமே பாறை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். வாய்க்காரி மட்டும் எழுந்து வந்தாள்.

வக்கீல் குடையை மடக்கினார். "கரை உடையப் போகிறது. எல்லாரும் வர வேண்டும்."

"எங்களுக்குத்தான் கரை இல்லையே சாமி."

"அது வேறு கரை! இது மண் கரை!"

"எந்தக் கரைன்னு எங்களுக்கு என்ன தெரியும்? அச்சடிச்ச காயிதத்துல பிரிச்சுப் போடலையே. பாய், போட்டிருந்துச்சா?"

"போடலம்மா" என்றேன். வக்கீல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"உன் வீடும் போகுமே!" என்று கத்தினார்.

"குடிசைய மறுபடி கட்டிக்கிருவோம் சாமி. மூணு மூங்கி, நாலு கீத்து. ஒங்க நெல்லு?"

கரைமேல் நின்றவர்கள் ஏதோ கூவினார்கள். கசிவு பெருத்துவிட்டது போலிருந்தது. வக்கீலின் முகம் விழுந்துவிட்டது. "என்னதான் வேண்டும் உங்களுக்கு?"

"படித்துறையில கெடக்குற முள்ள எடுக்கச் சொல்லுங்க. பொம்பளைக எறங்கித் தண்ணி மோந்துட்டு வரட்டும். அப்புறம் ஆம்பளைக வருவாக."

"இந்த மழையிலா? வாசலில் பானையை வைத்தால் நிறைந்துவிடுமே!"

அவள் திரும்பிக் குடிசைகளைப் பார்த்து, "அடியே, கொடத்த எடுங்கடி!" என்றாள்.

முள்ளை எடுக்கக் கரைக்காரர்கள் யாரும் வரவில்லை. என் கை தொடாது என்று ஒருவர், என் பாட்டன் போட்ட படி என்று ஒருவர். காவல்காரனும் முதுகைத் திருப்பிக்கொண்டான். தலைக்கு மேல் வெள்ளம் வந்தபிறகும் சாண் கணக்கு, முழக் கணக்கு! கடைசியில் வக்கீலே குனிந்து இலந்தை முள்ளைப் பிடித்து இழுத்தார். கோர்ட்டில் காகிதம் புரட்டிய கை, விரலெல்லாம் ரத்தம். எனக்கும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. நானும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன்.

கரை தப்பித்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெல்லைப் பற்றிக் கவலைப்படுவீர்கள். அதற்குப் பிறகு அந்தப் படித்துறையில் முள் விழவும் இல்லை. ஆண்கள் இறங்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மிதித்து, சாயங்காலத்துக்குள் கசிவை அடைத்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்குக் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். மழை அடித்துக்கொண்டிருந்தது. தலையில் வழிகிறது, சேலையில் வழிகிறது, இறங்குவதற்குள் குடத்திலேயே நாலு விரற்கடை மழைத் தண்ணீர். அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கண்மாயில் முக்கினார்கள். செக்கச்செவேல் என்று சேற்று வெள்ளம். நிரப்பி இடுப்பில் வைத்துப் படியேறிக் கரை வழியாகச் சேரிக்குப் போனார்கள். யாரும் ஓடவில்லை.

"சீக்கிரம், சீக்கிரம்!" என்று வக்கீல் தவித்தார். "அம்மா, அது கலங்கல் தண்ணீர், குடிக்க முடியாது!"

குடிப்பதற்கு யார் எடுத்தார்கள்? சேரி முகப்பில் போய்க் குடத்தைத் தெருவில் சாய்த்தார்கள். சாய்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார்கள், மறுபடி மோக்க. அதைக் கண்டதும் வக்கீலுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். படித்துறைத் தலைப்பில் அப்படியே நின்றார்.

இரண்டாவது தடவை வாய்க்காரிதான் முதலில் வந்தாள். படி குறுகல். அவர் நடுவில் நின்றிருந்தார். அவள் அவர் எதிரில் வந்து நின்று, சேரி ஜனங்கள் பிறந்த நாளிலிருந்து கரைக்காரர் தெருவில் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தையை, சத்தம் போடாமல், மரியாதையாகவே சொன்னாள்.

"ஒதுங்கி நில்லுங்க சாமி."

ஒதுங்கினார்.